லாரிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்

கல்கத்தாவுக்கு வந்து நான் குப்பை கொட்ட ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷத்தில் உருப்படியான காரியங்களும் சில செய்திருக்கிறேன். ஒருத்தருக்கும் அவை ஞாபகமில்லை. வந்த முதல் வருஷம் இரண்டு லாரிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன் பாருங்கள், அது மட்டும் பவானிப்பூரிலிருந்து மன்னார்குடி வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதுவும் ஆளுக்கு ஆள் கை கால் முளைக்க வைத்துச் சொல்கிறார்கள். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில், என்னை யாரென்று தெரியாத ஒருவர், நான் லாரிக்குச் சீயக்காய் போட்டு அலசிச் சாம்பிராணிப் புகை காட்டியதாக என்னிடமே சொன்னார். சீயக்காய் போடவில்லை. சாம்பிராணியும் காட்டவில்லை. எண்ணெய் மட்டும்தான். இதை எழுத்தில் ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் மானத்தில் மிச்சம் மீதி இருப்பது பிழைக்கும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஸ்ட்ராண்டு ரோட்டில் தேயிலைப் பெட்டிகளைக் கப்பலேற்றும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அதுவரை கம்பெனி மாட்டு வண்டிகளை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. யுத்தத்தில் ஓடித் தேய்ந்த மூன்று ராணுவ லாரிகள் விலைக்கு வரவே அவற்றை வாங்கிப் போட்டார்கள். துரை அவற்றின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக நம்பர் எழுதச் சொன்னார். உதிரிச் சாமான் அலமாரியின் சாவி என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் நான் ஒரு லாரியின் பக்கத்தில்கூட நின்றதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலை தற்காலிகம். அதில்தான் என் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி தர்மு மன்னார்குடியில் பிறந்த வீட்டில் இருந்தாள். என் மாமனார் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. ஸ்டாம்பு ஒட்டாத பத்திரத்தையும் பெர்மனென்ட் ஆகாத மாப்பிள்ளையையும் நம்பமாட்டார். "வேலை ஸ்திரமானதும் ஒரு லெட்டர் போடுங்கோ மாப்பிள்ளை. நானே அழைச்சுண்டு வந்து விடறேன். அதுவரைக்கும் தர்மு இங்கேயே இருக்கட்டும்" என்று ரயிலேறும்போதே சொல்லிவிட்டார்.

ஆகவே, துரை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் தர்மு வருவாள். போடாவிட்டால் பவானிப்பூர் மெஸ்ஸில் எட்டு பிரம்மசாரிகளோடு நான் காலம் தள்ள வேண்டும். (எட்டில் ஏழு பேர் குறட்டை. எட்டாவது ஆசாமி தந்தி ஆபீஸ். தூக்கத்தில் கட்டிலின் விளிம்பில் தந்தி அடிப்பார்.) தர்முவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் எழுதும் கடிதங்களில் பாதி என்னைக் கேலி செய்வதாக இருக்கும். அதைப் பத்து தரம் படித்துவிட்டுத்தான் சட்டைப்பைக்குள் வைப்பேன்.

லாரிகளைக் கவனித்துக்கொண்டவன் நிபாரண் என்ற வங்காளி மிஸ்திரி. என் வயசுதான் இருக்கும். யுத்தத்தின்போது பஸ்ராவில் இதே மாதிரி லாரிகளோடு மல்லுக்கட்டியவன். வாயில் எப்போதும் பான். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய் லாரியின் மூடியைத் திறந்து காட்டினான். (அவன் பேசியது வங்காளியும் இந்துஸ்தானியும் கலந்த பாஷை. எனக்குப் புரிந்த மட்டில் தமிழில் தருகிறேன்.)

"இதோ மூக்குல இருக்கிற தண்ணித் தொட்டிதான் ரேடியேட்டர், பாபு. இதுலேருந்து எஞ்சினுக்குத் தண்ணி போக ஒரு ரப்பர் குழாய், சூடாகித் திரும்பி வர ஒரு ரப்பர் குழாய். இதுங்கதான் ஹோஸ். இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல தண்ணி கசியாம நடுவுல ஒரு வளையம் வெச்சிருக்கு பாருங்க, அது கேஸ்கெட். லாரில மத்ததெல்லாம் இரும்பு. அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த ரெண்டும்தான் மனுஷன் மாதிரி. கவனிக்காட்டி கழுத்தறுத்துடும்."

அவன் கவனிப்பெல்லாம் கைதான். காலையில் எஞ்சின் சூடேறும் முன் ஒவ்வொரு ஹோஸையும் கத்தரிக்காய் வாங்குகிறவன் மாதிரி அமுக்கிப் பார்ப்பான். கட்டியிருக்கும் பட்டையின் திருகாணியைக் கால் சுற்று இறுக்குவான். கேஸ்கெட் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உதட்டைப் பிதுக்குவான். வெடித்துப்போனதைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னிடம் வந்து புதுசு கேட்பான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என்னிடம் புத்தகம் இருந்தது. லாரிகளோடு வந்த ஆங்கிலப் புத்தகம். அந்த ஸ்டோரில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆபீஸ் நேரத்திலேயே அதை உருப்போட்டுவிட்டேன். ரப்பர் ஹோஸ் வறண்டு வெடிக்கும், அதை எப்போதும் மிருதுவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எப்படி வைத்துக்கொள்வது என்று போடவில்லை.

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு அதைப் போட வேண்டிய அவசியம் என்ன? வறட்சி, வெடிப்பு, உஷ்ணம். இந்த மூன்றுக்கும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். நான் பிறந்த பதினோராம் நாளிலிருந்து எனக்குச் செய்து, தோல் ஓர் இடத்தில்கூட வெடிக்காமல் இருக்கிற வைத்தியம். வெள்ளைக்காரன் பாவம், அவனுக்கு எண்ணெய்க் குளியல் தெரியாது; அதனால்தான் புத்தகத்தில் விட்டுவிட்டான் என்று அவனுக்காக நான் பரிதாபப்பட்டேன்.

கல்கத்தாவில் கிடைப்பதெல்லாம் கடுகெண்ணெய். கண்ணில் பட்டால் போச்சு. ஆனால் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய செக்கு நல்லெண்ணெய் ஒரு டின் என் பெட்டிக்கடியில் இருந்தது. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும், மிளகு தட்டிப் போட்டு எண்ணெயைக் காய்ச்சி (மிளகு போட்டால் ஜலதோஷம் வராது, லாரிக்கும் வரக்கூடாதல்லவா), ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு லாரிக் கொட்டகைக்குப் போனேன். ஒன்றாம் நம்பரின் ஹோஸ்களுக்கு மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தேன். பிறகு இரண்டாம் நம்பருக்கு. கேஸ்கெட் விளிம்புகளிலும் விரலால் விட்டுத் தடவினேன்.

நிபாரண் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பார்த்தான்.

"பாபு, ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது."

"புத்தகத்துல அப்படி எங்கேயும் போடலை. உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது, ரப்பருக்கும் தெரியாது" என்றான். "நான் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மூன்றாம் நம்பருக்கு வரும்போது எண்ணெய் போதவில்லை. டின்னில் மிச்சமிருந்தது என் தலைக்கு வேண்டும். சரி, அது கடைசி லாரிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதன் கதி அதுவேதான். பாக்கி இருந்த ஆசைக்கு அலமாரியிலிருந்த உதிரி ஹோஸ்களையும் ரப்பர் கேஸ்கெட்டுகளையும் மெஸ்ஸின் ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு, அவை மூழ்கும்படி எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி வைத்தேன். இதற்காக என் தலைக்கு வைத்திருந்ததையும் தியாகம் செய்தேன் என்றால் என் கடமை உணர்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் இரண்டும் கருகருவென்று பளபளத்தன. மூன்றாம் நம்பர் மட்டும் சாம்பல் பூத்து நின்றது. நாலாவது வாரம் ஹோஸ்கள் கொஞ்சம் பருத்திருந்தன. எண்ணெய் தேய்த்தால் உடம்பு பூசினாற்போல் ஆகும் என்பது தெரிந்ததுதானே. ரிஜிஸ்தரில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். நிபாரண் அமுக்கிப் பார்த்துவிட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, மாற்றுவதற்குப் புதுசு கேட்டான். நன்றாக இருக்கும் சாமானுக்கு மாற்றுச் சாமான் தருவதில்லை என்று சட்டம் பேசி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் துரை கொட்டகைக்கு வந்தார். மூடியைத் திறந்து பார்த்து, "அடடே, யார் வேலை இது?" என்றார்.

"நான்தான் சார். தென்னிந்திய முறை."

துரைக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த வாரம் வியாழக்கிழமை கிதிர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கும், மத்தியானம் பன்னிரண்டு மணி வரைதான் சரக்கு ஏற்றுவார்கள், இந்தத் தடவை மாட்டு வண்டி வேண்டாம், முழுக்க லாரிதான் என்றார். "அது நல்லபடி முடியட்டும், ஐயர். அன்று சாயங்காலமே உன் பெர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன்."

அன்றைக்கே மாமனாருக்கு லெட்டர் எழுதிவிட்டேன். என்ன எழுதியிருக்க வேண்டும்? சாயங்காலம் கையெழுத்து ஆன பிறகு எழுதுகிறேன் என்று. என்ன எழுதினேன்? ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான், உடனே புறப்பட்டு வரலாம் என்று. அவரிடமிருந்து பதில் தந்தியாகவே வந்தது. வியாழக்கிழமை காலை மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்குகிறார்களாம். அதே வியாழக்கிழமை. ஹௌரா ஸ்டேஷனுக்கு நான் வரமுடியாது, ஒரு குதிரை வண்டி அமர்த்திக்கொண்டு ஸ்ட்ராண்டு ரோடு வழியாகப் பவானிப்பூர் வந்துவிடுங்கள் என்று வழி சொல்லி மறு தந்தி கொடுத்தேன். அந்த வழியைச் சொன்ன வாயை இப்போதும் கிள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை பஞ்சகச்சம், அல்பாகா கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, புது பூட்ஸ் என்று மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் லாரியில் நிபாரணுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் இரண்டாம் நம்பர். துரை கண்ணில் படவேண்டாம் என்று அந்தச் சாம்பல் மூஞ்சி மூன்றாம் நம்பரைக் கடைசியில் நிறுத்தியிருந்தேன். மூன்றிலும் உச்சி முட்டத் தேயிலைப் பெட்டிகள். உதிரிச் சாமான் ஜாடியை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

நல்ல வெயில். கோட்டையைத் தாண்டுவதற்குள் ஒரு வாசனை வந்தது.

"யாரோ தோசை வார்க்கறா" என்றேன். நாக்கில் ஜலம் ஊறியது.

நிபாரண் ஸ்டீரிங்கை ஓரமாகத் திருப்பினான். அவன் திருப்பி முடிப்பதற்குள் 'டமால்' என்று ஒரு சத்தம். மூடியின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட்டு அடித்தது. கொதிக்கிற தண்ணீரும் நல்லெண்ணெயும் கலந்து என் கோட்டில் தெளித்தன. நான் ஜாடியோடு கீழே குதித்தேன். பார்த்தால் மேல் ஹோஸ் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கையால் தொட்டேன்; ரப்பர் விரலோடு வந்தது. களிம்பு.

திரும்பினால் இரண்டாம் நம்பரும் புகைந்துகொண்டு நின்றது. அதன் கேஸ்கெட் எண்ணெயில் வழுக்கி, இரும்புக்கு நடுவிலிருந்து பிதுங்கி, நாக்கை நீட்டியபடி வெளியே தொங்கியது. ஹோஸும் ஒரு பக்கம் புடைத்து வெடித்திருந்தது. நாங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்ட மாட்டு வண்டிக்காரர்கள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் தன் மாட்டை என் பக்கம் காட்டி, "ரப்பர் குழாய் கிடையாது, பாபு" என்றான்.

"ஜாடியத் திறங்க" என்றான் நிபாரண்.

வேடு கட்டிய துணியை அவிழ்த்தேன். நாலு வாரம் ஊறிய ஹோஸ் ஒன்றை அவன் எடுத்தான். அது அவன் கையில் வழவழவென்று வளைந்து தொங்கியது. கேஸ்கெட்டை எடுத்துப் பார்த்தான். பொருத்த வேண்டிய இடத்தைவிட அரை விரல்கடை பெரிதாகியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மணி என்ன, பாபு?"

"ஒம்பதேகால்."

"தலைப்பாகையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"நல்ல நூல். நீளமாவும் இருக்கு. ஹோஸைச் சுத்திக் கட்டலாம். பூட்ஸையும் ஒண்ணு கழட்டுங்க. தோல் வேணும்."

என் கல்யாணத் தலைப்பாகை அது. அதைக் கிழித்து, நனைத்து, வெடித்த ஹோஸைச் சுற்றி எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டி, மேலே கம்பியால் முறுக்கினான். பிறகு பூட்ஸின் மேல்தோலை அறுத்து, கேஸ்கெட் வைக்கவேண்டிய இரும்பு விளிம்பின் மேல் விரித்து, சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வந்தான். இரும்பு விளிம்பே தோலை வெட்டி, அச்சாக ஒரு வளையம் கையில் வந்தது. எனக்குக் கொடுத்த வேலை, ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது.

இரண்டாவது நடை. தலையில் குடுமி அவிழ்ந்து தொங்க, ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் பாதமுமாக, முகமெல்லாம் கரியாக, படித்துறையிலிருந்து டின்னோடு ஏறி வருகிறேன். ஒரு குதிரை வண்டி வந்தது. ஆவியைப் பார்த்துக் குதிரை மிரண்டு நின்றுவிட்டது. வண்டியிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. பிறகு என் மாமனார் இறங்கினார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது பகவான் எனக்குக் கொடுத்த சந்தர்ப்பம். டின்னைத் தோளுக்கு உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டிருக்கலாம். ஆனால் வண்டியின் ஜன்னல் பலகையைத் தள்ளிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அப்பா, அது அவர்தான்."

மாமனார் என்னைத் தலையிலிருந்து வெறுங்கால் வரை ஒருதரம் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை இது? குமாஸ்தா வேலைன்னேளே."

"குமாஸ்தாதான் மாமா. இன்னிக்குக் கொஞ்சம்..." என்று இழுத்தேன். அதற்குள் துரையின் மோட்டார் வந்து நின்றது.

துரை இறங்கி ஒன்றாம் நம்பரைப் பார்த்தார். இரண்டாம் நம்பரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் சிவந்த சிவப்பை நான் அதற்கு முன் பழக்கடையில்தான் பார்த்திருக்கிறேன். நேராக நிபாரணிடம் போனார்.

"ரப்பரைக் கவனிக்கத்தானே உனக்குச் சம்பளம்? இன்றோடு நீ வீட்டுக்குப் போகலாம்."

நிபாரண் குனிந்தபடி தோலைத் தட்டிக்கொண்டிருந்தான். என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினான்.

அப்போது என் மனசில் ஓடியதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் சும்மா இருந்தால் போதும். ஒன்றுமே சொல்ல வேண்டாம். சாயங்காலம் கையெழுத்து, தர்மு என்னோடு. இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா நின்றேன். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போது அப்படி நிற்க என்னால் முடியவில்லை.

"நான்தான் சார்" என்றேன். "அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் எண்ணெய் தேய்த்தேன்."

"எதற்கு?"

"உஷ்ணத்துக்கு, சார். எங்கள் ஊரில் எல்லோரும் சனிக்கிழமை தேய்த்துக்கொள்வோம். ரொம்பக் குளிர்ச்சி."

அந்த நேரம் பார்த்து, எங்களுக்காகக் காத்துக் கடைசியில் நின்ற மூன்றாம் நம்பர் லாரி எங்களைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று கிதிர்பூர் பக்கம் போயிற்று. அழுக்கு மூஞ்சி. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"அந்த லாரிக்கு என்ன செய்தாய்?" என்றார் துரை.

"ஒன்றும் செய்யவில்லை, சார். எண்ணெய் தீர்ந்துபோச்சு."

"ஒன்றுமே செய்யவில்லை?"

"இல்லை, சார்."

"நல்லது. இனிமேல் மூன்று லாரிக்கும் அதையே செய்."

பெர்மனென்ட் ஆர்டர் ஆறு மாசம் கழித்து. அதுவரை குமாஸ்தா மேஜை கிடையாது, நிபாரணின் கீழ் நின்று மூன்று லாரிகளின் ஹோஸையும் கேஸ்கெட்டையும் என் கையாலேயே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

மாமனாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்; மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். தெரியாமலிருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடையை மடக்கினார்.

"தர்மு, இறங்க வேண்டாம். வண்டியைத் திருப்பச் சொல்றேன். சாயங்கால மெயில்லயே ஊருக்குப் போயிடலாம்."

ஆனால் தர்மு ஏற்கெனவே இறங்கிவிட்டாள். இரண்டு நாள் ரயில் கரி முகத்தில் அப்பியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள். ஜாடிக்குள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்:

"நீங்க வேணா போங்கோ அப்பா. நான் வரலை."

"என்னடி சொல்றே? பெர்மனென்ட் ஆகலையே."

"ஆகாட்டா என்ன. இவரைத் தனியா விட்டா இந்த ஊர்ல இன்னும் எதெதுக்கு எண்ணெய் தேய்ப்பாரோ தெரியாது. யாராவது கூட இருக்க வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. டின்னைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி எடுத்துக்கொண்டேன்.

நிபாரண் மெதுவாக எழுந்து மாமனார் பக்கம் வந்து, ரொம்ப மரியாதையாக, "சொசுர் மொஷாய்" என்றான். (வங்காளியில் மாமனாரைக் கூப்பிடும் விதம் அது. அவனுக்கும் அவர் மாமனார் ஆகிவிட்டார்.) பிறகு என்னிடம் திரும்பி, "பாபு, பெரியவரோட தலைப்பாகை நூல்தானான்னு கேளுங்க. ரெண்டாம் நம்பர் பாக்கி இருக்கு" என்றான்.

நான் எப்படிக் கேட்பேன்? தர்முவிடம் மெல்லச் சொன்னேன்; அவள்தான் கேட்டாள். மாமனார் மகளைப் பார்த்தார், ஒற்றைக்கால் பூட்ஸோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். கோர்ட்டில் ஜட்ஜுக்கு எதிரில்கூட எடுக்காத தலைப்பாகையைக் கழற்றி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, மிஸ்திரியின் கையில் கொடுத்தார். அவர் தலை வழுக்கை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

கட்டுப் போட்ட இரண்டு லாரிகளும் நடைவேகத்தில் ஒவ்வொரு நடை போயின. மூன்றாம் நம்பர் அதற்குள் நாலு நடை அடித்துவிட்டது. கப்பல்காரன் சங்கு ஊதியபோது கரையில் நின்றது ஏழே ஏழு பெட்டி. நிபாரணின் வேலை போகவில்லை. எனக்கு ஆறு மாசம் கழித்து ஆர்டர் வந்தது. அந்த ஆறு மாசத்தில் எந்தத் தோலைக் கொடுத்தாலும் சுத்தியலால் தட்டிக் கேஸ்கெட் வெட்டக் கற்றுக்கொண்டேன். தர்மு ஒவ்வொரு சாயங்காலமும் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காபி கொடுப்பாள்.

ஆனால் அன்றைக்கு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளே, அதுதான் வினை. அன்றிலிருந்து நான் எதைச் சீர்திருத்தக் கிளம்பினாலும் அவள் கேட்பது ஒரே கேள்வி. அழுகிற குழந்தைக்குப் புது மருந்து கொடுக்கலாமா என்றாலும் சரி, பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கலாமா என்றாலும் சரி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்: "மூணாம் நம்பர் லாரிக்கு என்ன பண்ணினேள்?" நான் "ஒண்ணும் பண்ணலை" என்று சொல்லியாக வேண்டும். சொல்லும்வரை விடமாட்டாள்.

சில வருஷங்களுக்கு முன் என் மூத்த பிள்ளை ராஜு, ஜாதவ்பூரில் இஞ்சினீயரிங் படித்தவன், கூடப் படித்தவனின் தங்கை மாயாவைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வந்து நின்றான். வங்காளிப் பெண். நான் கொதித்துப்போனேன். பெண்ணின் தகப்பனாருக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம், பிள்ளைக்கு ஒரு பிரசங்கம், அதற்கும் மசியாவிட்டால் பட்டினி என்று திட்டம் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தர்மு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மூணாம் நம்பர் லாரிக்கு என்ன பண்ணினேள்?"

எனக்குக் கோபம் வந்தது. நின்றேன். அவளும் விடவில்லை. கடைசியில், "ஒண்ணும் பண்ணலை" என்றேன்.

"அதையே பண்ணுங்கோ" என்றாள்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று மாயா எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே மாசத்தில் தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று ஸ்டூல் போட்டு ஏறினான். சமையலறையிலிருந்து குரல் வந்தது. தர்முவின் குரல் என்று நினைத்தேன். மாயா.

"மூணா நொம்பர் லொரிக்கு என்னோ பொண்ணினேள்?"

ராஜு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டான்.